கேட்பாளர்

கோகிலவாணி ஒற்றைச் சடையோடு உள்ளே போனாள். இரட்டைச் சடையோடு வெளியே வந்தாள்.

பள்ளியின் பின்வாசலில் அவளுடைய அம்மா சாந்தாமணி மொபெட்டோடு காத்திருந்தாள். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை முடிந்து நேராக வருபவள். சேலையெல்லாம் தீவன வாசம். மகளை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"ஏம்புள்ள, தலைய யாரு பின்னி உட்டது?"

கோகிலா பின்னால் கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். இரண்டு சடை. நுனிவரை இறுக்கமாகப் பின்னி, மடித்துக் கட்டியிருந்தது. ரிப்பன்கூட இருந்தது. ஒன்றை முன்னால் இழுத்துப் பார்த்தாள். பச்சை.

"தெரியலம்மா."

"நல்லா இருக்குது போ. ஒருத்தி உன்னைய உக்கார வெச்சு, சிக்கெடுத்து, ரெண்டு சடை போட்டு, ரிப்பனும் கட்டி உட்டிருக்கறா. உனக்குத் தெரியலைங்கற."

"உள்ள நடக்கறது எனக்கு எதுவுமே தெரியாதும்மா. அதுக்குத்தான சம்பளம்."

சாந்தாமணி வண்டியைக் கிளப்பினாள். காற்றில் ரிப்பன் படபடத்தது. கோகிலா அம்மாவின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அழுத பிறகோ ரொம்பச் சிரித்த பிறகோ வருமே, அப்படி ஒரு தளர்ச்சி உடம்பில் இருந்தது. எதனால் என்று தெரியவில்லை.

ராசிபுரத்துக்கு அப்பால் மலையடியில் இருந்தது அந்த விடுதிப் பள்ளி. பதினொன்றும் பன்னிரண்டும் மட்டும்தான் அங்கே. கோகிலாவின் ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாவதோடு முடிந்துவிடும். அதில் அவள்தான் முதல். ஆனால் அறிவியல் பிரிவு வேண்டுமென்றால் விடுதிப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று ஆகிவிட்ட காலம் அது. அவளுடைய அப்பா லாரியோடு போகிறவர், வருவார், போவார். விடுதிப் பள்ளி என்பது அவர்கள் வீட்டில் பேசக்கூடிய விஷயம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் விளம்பரம் வந்தது. கேட்பாளர் தேவை. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பாடம் எதையும் படித்திருக்கக் கூடாது.

"படிச்சிருக்கோணுமாம், ஆனா படிச்சிருக்கக் கூடாதாம். இதென்ன கெரகம்?" என்றாள் சாந்தாமணி. இருந்தாலும் கூட்டிக்கொண்டு போனாள்.

தேன்மொழி மேடம்தான் கேட்பாளர்களுக்குப் பொறுப்பு. சத்தம் போடாத பெண்மணி. கண்ணாடியைத் துடைத்தபடியே பேசுவார்.

"புத்தி வேணும். பாடம் தெரியக் கூடாது. அவ்வளவுதான்," என்றார். "பத்தாவது வரைக்கும் மனப்பாடம் வண்டிய ஓட்டிரும். பிளஸ் ஒன் வந்ததும் நின்னுரும். நல்லாப் படிச்ச பிள்ளைங்களே இங்க வந்து ராத்திரியெல்லாம் அழும். அதனால நாங்க புதுசா ஒரு படிப்புப் பழக்கம் ஏற்படுத்தறோம். அன்னைக்கு நடந்த பாடத்தை, அன்னைக்குச் சாயங்காலமே, தெரியாத ஒருத்தருக்குச் சொல்லிக் குடுக்கணும். அவங்களுக்குப் புரியற வரைக்கும் சொல்லணும். அப்படிச் சொன்னது மறக்காது."

"அதுக்கு மெஷின் இல்லீங்களா மேடம்?" கோகிலா கேட்டாள். "இப்ப எல்லாத்துக்கும் இருக்குதுங்களே."

"வெச்சுப் பாத்தோம். மெஷினுக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி நடிக்கும். பிள்ளைங்க சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டாங்க. நடிக்கிறவன் முன்னாடி உக்காந்து யாருக்குச் சொல்லிக்குடுக்க மனசு வரும்? எதிர்ல ஒரு முகம் நெசமாவே முழிக்கணும். அப்பறம் அதே முகத்துல நெசமாவே வெளிச்சம் வரணும். ரெண்டுக்கும் ஆள்தான் வேணும்."

கோகிலா கொஞ்சம் யோசித்தாள். "ஒருக்கா புரிஞ்சுபோச்சுன்னா, மறுபடி அதே பாடத்துக்கு எப்படிங்க மேடம் முழிக்கறது?"

மேடம் துடைப்பதை நிறுத்தினார். "நல்ல கேள்வி," என்று சொல்லி, இழுப்பறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். வளையலை வெட்டி நிமிர்த்தியதுபோல மெலிசாக இருந்தது. காதுக்குப் பின்னால் ஒரு முனையும் நெற்றிப்பொட்டில் ஒரு முனையும் ஒட்டிக்கொள்ளும்.

"இதைப் போட்டிருக்கிற நேரம் நீ நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் இருப்ப. பேசுவ, யோசிப்ப, புரிஞ்சுக்குவ. பழசெல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனா புதுசா நடக்கிறதை மூளை எடுத்து வெச்சுக்காது. கழட்டினதும் போயிரும். நீர்மேல் எழுத்து. மறுநாள் அதே பாடம்னாலும் நீ புதுசா முழிப்ப."

"வலிக்குமுங்களா?" இது சாந்தாமணி.

"வலிக்காது. தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கும்." மேடம் கோகிலாவின் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு கட்டுப்பாடு. உள்ள நீ பேனாவைத் தொடக் கூடாது. கை பழகுறது மூளையில வேற இடம். சைக்கிள் ஓட்டற மாதிரி, பூக்கட்டற மாதிரி. அந்த இடத்தைப் பட்டை தொடாது. எழுதி எழுதிப் பழகினா கை வெச்சுக்கும். மாசா மாசம் சோதிப்போம். ஏதாவது ஒட்டியிருந்தா, நீ கேட்பாளர் இல்லை."

"ஒட்டலைன்னா?"

"ஒரு பொண்ணுக்கு ஒரு கேட்பாளர். உனக்குச் சொல்லிக்குடுக்கிற பொண்ணு பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் சுத்தமா இருந்தேன்னா, அடுத்த வருஷம் பிளஸ் ஒன்ல உனக்கு ஒரு இடம். அறிவியல் பிரிவு. விடுதி, சாப்பாடு எல்லாம் பள்ளியோடது."

கோகிலா அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

கேட்பாளர்கள் போகும் தாழ்வாரம் தனி. மாணவிகள் வரும் வழி தனி. தாழ்வாரத்துச் சுவரில் பெரிய எழுத்தில் நாலு சொற்கள் எழுதியிருந்தன: கேள். மூடு. சொல். எழுது. பாடத்தைக் கேள், புத்தகத்தை மூடு, அடுத்தவருக்குச் சொல், பிறகு எழுது. கோகிலா தினமும் அதைப் படித்துக்கொண்டே போவாள். நாலாவது சொல் தனக்கில்லை என்று நினைத்துக்கொள்வாள். தாழ்வாரத்துக் கடைசியில் மேடம் பட்டையை ஒட்டிவிடுவார். ஒரு சின்னக் குளிர்ச்சி. அடுத்த கணம் மேடம் பட்டையைக் கழற்றிக்கொண்டிருப்பார். வெளியே வெயில் சாய்ந்திருக்கும்.

இடையில் போனது ஒரு முழுச் சாயங்காலம்.

ஆனால் எல்லாமே போய்விடவில்லை. ஒருநாள் வயிற்றுத் தசை வலித்தது, விழுந்து விழுந்து சிரித்ததுபோல. ஒருநாள் செருப்பின் அறுந்த வாரில் யாரோ ஊக்கு குத்தியிருந்தார்கள். ஒருநாள் நாக்கில் இனிப்பு. பைக்குள் பார்த்தால் சிறு காகிதப் பொட்டலம். உள்ளே வெள்ளை வெளேரென்று, வாயில் வைத்ததும் கரைகிற பலகாரம்.

"மக்ரூன்," என்றாள் சாந்தாமணி, ஒன்றைக் கடித்துவிட்டு. "உங்கப்பா ஒருக்கா தூத்துக்குடி லோடு போயிட்டு வாங்கியாந்தாரு. உன்ற ஆளு தூத்துக்குடிக்காரி போலிருக்குது."

உன்ற ஆளு. அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

மறுநாள் கோகிலா நாலு கொய்யாக்காயை நறுக்கி, மிளகாய்ப் பொடியும் உப்பும் தூவிக் கொண்டுபோனாள். வெளியே வந்தபோது டப்பா காலியாக இருந்தது. கழுவித் துடைத்து மூடியிருந்தது. அந்தக் காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே வீடுவரை போனாள்.

இன்னொரு நாள் சாந்தாமணி ஏதோ கேட்க, கோகிலாவுக்கு வாய் தவறியது. "சும்மா இருட்டி."

"ட்டியா? பெத்தவள ட்டிங்கறயா? உன்ற ஆளுகிட்டப் பேசற தூத்துக்குடிப் பேச்செல்லாம் எங்கிட்ட வேண்டாம்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு கோகிலாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாய்க்குப் பழகும் அளவுக்கு யாரோ அவளோடு பேசியிருக்கிறாள். அவளுடைய முகம் எப்படி இருக்கும்? கறுப்பா, சிவப்பா? பல் தெரியச் சிரிப்பாளா? இவள் அவளைத் தினமும் பார்க்கிறாள். தினமும் முதல்முறையாகப் பார்க்கிறாள்.

மாதச் சோதனை எளிதாக இருந்தது. மேடம் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்துவிட்டுப் பாடத்திலிருந்து கேள்வி கேட்பார். தெரிந்தால் எழுத வேண்டும். கோகிலா "தெரியாதுங்க மேடம்" என்பாள். அது உண்மையும்கூட. தாள் வெள்ளையாகவே திரும்பிப் போகும். வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டுச் சந்தோஷப்படுகிற ஒரே பரீட்சை அதுதான் என்று அவளுக்குத் தோன்றும்.

முதல் வருடம் அப்படியே போனது.

இரண்டாம் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பண்ணையின் தீவனக் கிடங்கில் அம்மாவுக்காகக் காத்திருந்தாள். தகர மேசைமேல் தீவன மாவு படிந்திருந்தது. சும்மா இருந்த விரல் அதில் கோடு போட்டது. அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தபோது மேசைமேல் ஆறு மூலை உள்ள ஒரு வளையம். உள்ளே ஒன்று விட்டு ஒன்றாக இரட்டைக் கோடுகள். விரல் நிற்கவில்லை. பக்கத்திலேயே இன்னொரு வளையம் போட்டது, இரட்டைக் கோடுகளை இடம் மாற்றி. நடுவில் இருபக்கமும் கூரான அம்புக்குறி. பிறகு எழுத்துகள்.

"என்னடி அது, கோலமா?" சாந்தாமணி வாசலில் நின்றாள்.

கோகிலா உள்ளங்கையால் எல்லாவற்றையும் அழித்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். வலது நடுவிரலின் பக்கவாட்டில், நகத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு காய்ப்பு. பேனா பிடிப்பவர்களுக்கு வரும் காய்ப்பு. பத்தாவதுக்குப் பிறகு அவள் பேனாவைத் தொட்டது மேடம் கொடுத்த தாளுக்கு முன்னால் மட்டும்தான்.

உள்ளே அவளை யாரோ எழுத வைக்கிறார்கள். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, ரொம்ப நாளாக.

முதலில் கோபம் வந்தது. அவளுக்கென்ன, தூத்துக்குடியில் வீடு வாசல் இருக்கும். என் இடம் போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? நாளைக்கு உள்ளே போனதும் இதைக் கேட்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டாள். வெளியே நினைத்தது உள்ளே ஞாபகம் இருக்கும். அதில் சந்தேகமில்லை.

கேட்டிருப்பாள். என்ன பதில் வந்ததோ தெரியாது. வெளியே வரும்போது கண் வீங்கியிருந்தது. விரலில் புது மை.

மறுநாளும் மை. அதற்கு அடுத்த நாளும்.

கோகிலாவுக்கு மெல்லப் புரிந்தது. உள்ளே இருக்கும் கோகிலா எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பேனாவைப் பிடிக்கிறாள். அவளுக்கு ஏதோ காரணம் இருக்கிறது. அது வெளியே இருக்கும் கோகிலாவுக்கு எட்டாத காரணம். தாழ்வாரத்தில் நடக்கும்போது, உள்ளே இருக்கும் அந்த இரண்டு பேர்மேலும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

பொதுத்தேர்வு நெருங்கியது. அது முடிந்தால் அந்தப் பெண் போய்விடுவாள். இவளுக்கு இடம் கிடைத்துவிடும். இன்னும் சில சோதனைகள்தான் பாக்கி. கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதும்.

அன்று சோதனையில் மேடம் வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். கோகிலாவும் வரிசையாகத் தெரியாது என்றாள்.

"பென்சீன்னா என்ன?"

"தெரியாதுங்க மேடம்."

உண்மையாகவே தெரியாது. அந்தச் சொல்லை இதற்கு முன் கேட்டதாகவே நினைவில்லை. ஆனால் மேடம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோகிலாவும் குனிந்து பார்த்தாள். ஆறு மூலை. ஒன்று விட்டு ஒன்றாக இரட்டைக் கோடு. அவள் பேனாவைக் கீழே போடுவதற்குள் கை இரண்டாவது வளையத்தில் இருந்தது.

மேடம் தாளை எடுத்து மடித்தார். "நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் மேடத்தின் அறையில் சாந்தாமணி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கோகிலா நின்றாள்.

"உள்ள கேமரா கிடையாது," என்றார் மேடம். "கேமரா இருந்தா பிள்ளைங்க தப்புத் தப்பாச் சொல்லப் பயப்படுவாங்க. அதனால நடந்தது உனக்கும் அந்தப் பொண்ணுக்கும்தான் தெரியும். உனக்குத் தெரியாதுங்கறதும் எனக்குத் தெரியும். ஆனா நிர்வாகத்துக்கு ஒரு பதில் வேணும். அந்தப் பொண்ணு உன்னை எழுத வெச்சாளா, இல்லை நீயா பேனாவை எடுத்தியா?"

"அவளா இருந்தா?" சாந்தாமணி கேட்டாள்.

"விதியை மீறினது மாணவி. அவ போகணும். வேற பள்ளியிலிருந்து பரீட்சை எழுத இந்த வருஷம் நேரமில்லை. ஒரு வருஷம் போகும். உங்க பொண்ணோட இடம் அப்படியே இருக்கும்."

"என்ற புள்ளையா இருந்தா?"

மேடம் கண்ணாடியைத் துடைத்தார்.

சாந்தாமணி மகளின் கையைப் பிடித்தாள். "சொல்லு கண்ணு. முகமே தெரியாத ஒருத்திக்கோசரம் நீ எதுக்கு வெசனப்படற? அவதான எழுத வெச்சா? சொல்லீரு."

கோகிலா அம்மாவின் கையைப் பார்த்தாள். அதற்குள் இருந்த தன் கையைப் பார்த்தாள். நடுவிரலில் காய்ப்பு. அவளுக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது. பச்சை ரிப்பன் தெரியும். செருப்பில் குத்திய ஊக்கு தெரியும். கழுவித் துடைத்த டப்பா தெரியும். தினமும் ஒருத்திக்குப் புரியவைத்து, அவள் முகத்தில் வெளிச்சம் வருவதைப் பார்த்து, மறுநாள் அதே முகம் இருண்டு வந்து உட்காருவதைப் பார்க்க அந்தப் பெண்ணால் முடியவில்லை. அதுதான் அவள் செய்த குற்றம். யாரும் சொல்லாமலே அது கோகிலாவுக்குத் தெரிந்திருந்தது.

"நானேதானுங்க மேடம் எடுத்தேன்," என்றாள். "அவங்க வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாங்க."

சாந்தாமணியின் கை நழுவியது.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "காலைல அந்தப் பொண்ணையும் கூப்பிட்டுக் கேட்டேன்," என்றார். "கோகிலாவுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் எழுத வெச்சேன், என்னை அனுப்புங்கன்னா. அழுதா. ரெண்டு பேரும் ஒத்துக்கறீங்க. ரெண்டு பேர்ல யாரை அனுப்பறது சுலபம்னு உனக்கே தெரியும்."

"தெரியுமுங்க."

வாசல்வரை போய்விட்டுக் கோகிலா திரும்பினாள். "அவங்க பேரு என்னங்க மேடம்?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற? போம்மா. நல்லா இரு."

அன்று முதல்முறையாக முன்வாசல் வழியாக அனுப்பினார்கள். மைதானத்தின் ஓரமாகப் பிளஸ் டூ மாணவிகள் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே சீருடை. எல்லாருக்கும் இரட்டைச் சடை. எல்லாச் சடையிலும் பச்சை ரிப்பன். கோகிலா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எந்த முகமும் அவளிடம் எதையும் சொல்லவில்லை.

வரிசையிலிருந்து ஒரு பெண் மட்டும் விலகி நின்றாள். உயரமாக, ஒல்லியாக இருந்தாள். கை பாதி தூக்கியபடி அப்படியே நின்றது.

"அந்தப் புள்ள உன்னையவே பாக்குது," என்றாள் சாந்தாமணி.

மேடம் படியில் நின்று கவனித்துக்கொண்டிருந்தார். இப்போது கையசைத்தால், உள்ளே சொன்ன பொய் கலைந்துவிடும் என்று கோகிலாவுக்குத் தோன்றியது. தெரியாதவள்போல நடந்துவிட வேண்டும். அதற்கு நடிக்கக்கூடத் தேவையில்லை.

"யாருன்னு தெரியலம்மா," என்றாள். அது உண்மை. அந்த உண்மையைச் சொல்லிக்கொண்டே வெளியே வந்துவிட்டாள்.

அதன்பிறகு கோகிலாவும் பண்ணையில் முட்டை பொறுக்கினாள். சாந்தாமணி அவளைத் திட்டவில்லை. ஒருநாள் மட்டும், அட்டையில் முட்டையை அடுக்கிக்கொண்டே, "நீ சொல்லியிருக்கலாம்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லாததும் செரிதான்," என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தனித்தேர்வராகவே அறிவியல் பிளஸ் ஒன் எழுத அந்த வருடம் ஒரு வழி திறந்திருந்தது. கோகிலா விண்ணப்பித்தாள். பழைய போனில் பாடங்களை இறக்கிக்கொண்டாள். சொல்லித்தர யாருமில்லை. சுவரில் பார்த்த சொற்கள்தான் இருந்தன. கேள். மூடு. சொல். போனில் பாடத்தைக் கேட்டாள். போனை மூடி வைத்தாள். பிறகு கோழிகளிடம் சொன்னாள்.

கூண்டு வரிசைக்கு முன்னால் நின்று அணுவின் அமைப்பை விளக்குவாள். கோழிகள் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும்.

"கோழிக்குப் புரியுதாக்கும்?" சாந்தாமணி கேட்பாள்.

"முழிக்குதும்மா. அது போதும்."

"உனக்கு முழிச்சா போதும். அதுக்கு முட்ட போடோணுமே, பாவம்."

ஒரே பாடத்தை எத்தனை தடவை சொன்னாலும் மறுநாள் அவை அதேபோல முழித்தன. சில நாள் அவளுக்கு அலுத்துப்போகும். ஒரு பாடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிடுவாள். இப்படித்தானே அந்தப் பெண்ணும் சொல்லியிருப்பாள் என்று தோன்றும். கோழிக்குத் தன்னை யாரென்று தெரியாததில் இவளுக்காவது வருத்தமில்லை.

நாலாவது சொல்லை மட்டும் அவள் விட்டுவிட்டாள். பேனாவைப் பார்த்தாலே மடித்த தாளும் மேடத்தின் முகமும் நினைவுக்கு வந்தன. எழுதிப் பார்க்க வேண்டியதையெல்லாம் போனிலேயே தட்டினாள். பரீட்சைக்கு மட்டும் பேனா பிடித்தால் போதும் என்று தள்ளிப்போட்டாள்.

டவுன் அரசுப் பள்ளியில் தேர்வு மையம். தமிழும் ஆங்கிலமும் முடிந்தன. கை சாதாரணமாகவே எழுதியது. வேதியியல் அன்று, கண்காணிப்பாளராக வந்த டீச்சர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "விடைத்தாள்ல எங்கயும் பேரு, ஊரு எழுதக் கூடாது. எழுதினா தாள் செல்லாது. தெரியாம எழுதிட்டா அடிச்சிருங்க."

கேள்விகள் பழகியவையாக இருந்தன. கோழிகளிடம் சொன்னது எல்லாம் வந்தது. கடைசியாக ஒரு நெடுவினா. பென்சீனின் அமைப்பை விளக்குக.

கோகிலா பேனாவை வைத்தாள். கை கிளம்பியது.

ஆறு மூலை. இரட்டைக் கோடுகள். இடம் மாற்றி இன்னொரு வளையம். நடுவில் அம்புக்குறி. இந்த முறை அவளுக்கு அது என்னவென்று தெரியும். அந்த இரட்டைக் கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை, எல்லாப் பக்கத்திலும் சமமாகப் பரவியிருக்கிறது. தலை நினைப்பதற்குச் சற்று முன்னாலேயே கை எழுதியது. முன்னால் ஒருத்தி நடக்க, பின்னால் இவள் போவதுபோல இருந்தது. எந்தச் சொல்லுக்கு அடிக்கோடு, எந்த இடத்தில் புது வரி என்பதெல்லாம் அந்த முன்னால் போகிறவளுக்குத் தெரிந்திருந்தது. தடுப்பதற்கு இன்று யாருமில்லை. கோகிலா விட்டுவிட்டாள்.

விடை முடிந்தது. கை நிற்கவில்லை. ஒரு வரி இடம் விட்டு மேலும் எழுதியது. எழுத்து கோகிலாவின் எழுத்துதான். பேச்சு அவளுடைய ஊர்ப் பேச்சு இல்லை.

எம் பேரு ஜெனோவா. நாளைக்கும் கேப்ப. பரவால்லட்டி.

பேனா தானாக நின்றது. அதற்குமேல் கைக்கு எதுவும் தெரியவில்லை.

ஒவ்வொரு சாயங்காலமும் இவள் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்து, "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு சாயங்காலமும் அவள் சொல்லியிருக்கிறாள். என்றோ ஒருநாளிலிருந்து தினமும், இந்தக் கேள்விக்குப் பதிலையும் பாடத்தோடு பாடமாக எழுத வைத்திருக்கிறாள். மைதானத்தில் பாதி தூக்கிய கை. உயரமாக, ஒல்லியாக. ஜெனோவா.

"என்னம்மா, அழறே? கஷ்டமா இருந்துச்சா?" டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். தாளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "அடடா, பேரு எழுதக் கூடாதுன்னேனே. உன் பேரா?"

"இல்லீங்க டீச்சர்."

"பின்ன யாரு பேரு?"

தெரியாதுங்க என்று சொல்லித்தான் அவள் வாய்க்குப் பழக்கம். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"என்ற சிநேகிதி பேருங்க," என்றாள்.

"செரி, அடிச்சிரு. இல்லைன்னா தாள் செல்லாமப் போயிரும். மணி அடிக்கப் போகுது."

கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வரியின்மேல் பேனாவை வைத்து, இடமிருந்து வலமாக இழுத்தாள். ஒரே ஒரு கோடு. மெலிசாக, அடியில் இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி.